கொழுப்பு மாத்திரையும் புதிதாக வந்த தொடை வலியும்

பெரம்பூர்வாசி:
வணக்கம். அறுபத்தோரு வயதாகும் என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஓராண்டாக இரவில் அட்டோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையை 40 மி.கி. சாப்பிடுகிறார், இதுவரை தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. பத்து நாட்களாக இரு தொடைகளிலும் வலி எடுத்து, மாடிப்படி ஏறவே சிரமப்படுகிறார். இந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதிலிருந்து, ஒரேயடியாக நிறுத்திவிடுகிறேன் என்கிறார். புதிதாகச் சேர்ந்தது, இடுப்பில் வந்த படர்தாமரைக்குத் தோல் மருத்துவர் மூன்று வாரங்களுக்கு முன் எழுதித் தந்த காப்ஸ்யூல் மட்டுமே. நிறுத்துவது சரியா?

மயிலாப்பூர் மருந்தாளுநர்:
அந்தக் காப்ஸ்யூல் அட்டையில் இட்ராகொனசோல் என்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அட்டோர்வாஸ்டாடினைச் சிதைக்கும் நொதியை அது தடுத்துவிடுவதால், வழக்கமான அதே மாத்திரையை விழுங்கினாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போய்த் தசைகளைப் பாதிக்கக்கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரை அடிக்கடி வருவதால், இந்த இரண்டு மருந்துகளும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொள்வதை நான் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு சீட்டுகளையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை என்பதே என் கவலை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இப்படித்தான். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், இன்றிரவு மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் போலக் கருத்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் தளர்ந்தாலோ, காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அண்ணா நகர் வாசகி:
அம்மாவாக நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டாம். ஸ்டென்ட் வைத்த என் அப்பா, ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்தினார். ஆறு மாதத்தில் கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஈரலைப் பற்றிய பயத்துக்கு, ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எல்.எஃப்.டி. இரத்தப் பரிசோதனை பதில் சொல்லும். கடுமையான பாதிப்பு மிக அரிது. தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அது குறைந்திருந்தால் கொழுப்பும் ஏறும், தசை வலியும் கூடும். பம்பளிமாஸ் பழம் சாப்பிடுபவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர்வாசி:
அது இட்ராகொனசோல்தான். மருத்துவரிடம் பேசிவிட்டேன். காப்ஸ்யூல் முடிந்து, தாம் சொல்லும் வரை கொழுப்பு மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்னார். தசைப் பாதிப்பை அறியும் சி.பி.கே. பரிசோதனைக்கு நாளை காலையில் இரத்தம் கொடுக்கிறோம். இரண்டு சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு வைத்துவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.