22 வருடமாக ஸ்ப்ரே பெயின்ட் வேலை: அப்பாவுக்குக் குரோமோசோம் டெஸ்ட் எடுக்கலாமா?

பஞ்சிகாவத்தை மகன்:
அப்பா 22 வருடமாக ஒரு கராஜில் வாகனங்களுக்கு ஸ்ப்ரே அடிக்கிறார். மாஸ்க் என்று கட்டுவது பழைய சாரத்துண்டு. பின்னேரம் வந்து மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு அடித்த கலர்தான் வரும், போன வெள்ளி சிவப்பு வர அம்மா இரத்தம் என்று கத்திவிட்டார். இரத்தச் செல்லுக்குள் மரபணுவைச் சுமக்கும் இழையான குரோமோசோம் உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் புற்றுநோய் வருமா என்று முதலே தெரியுமாம். உண்மையா?

லேப் அக்கா:
பாதி உண்மை தம்பி. இரத்தத்தில் இருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களை இரண்டு நாள் வளர்த்து, அவை பிரிகிற நேரம் கொல்கிசின் என்ற மருந்தைப் போட்டு நிறுத்தி, நூறு செல்லாவது மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து உடைவுகளை எண்ண வேண்டும், கண் போய்விடும். 2008இல் 11 நாடுகளின் 22,358 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடைவு கூடிய மூன்றிலொரு பங்கினருக்குப் புற்றுநோய் ஆபத்து, குறைந்த பங்கினரைவிட 1.41 மடங்கு. அதாவது உடைவு குறைந்தவர்களில் 10 பேருக்கு வந்தால் கூடியவர்களில் 14 பேருக்கு. கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு இது, அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

தெமட்டகொடைக்காரன்:
அப்ப ரிப்போர்ட்டில் கூட இருந்தால் பெயின்ட்தான் காரணம் என்று முதலாளியைக் கேட்கலாம்தானே?

லேப் அக்கா:
முடியாது. சிகரெட், வயது, எக்ஸ்ரே எல்லாமே எண்ணிக்கையைக் கூட்டும். அதைவிட, ஆபத்தான வேலையே செய்யாதவர்களிடமும் உடைவுக்கும் புற்றுநோய்க்கும் இதே தொடர்பு இருந்தது என்று 2000இல் வந்த ஆய்வு சொல்கிறது. முதலாளி அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே ஆளை நிறுத்தினாலும் நிறுத்துவார், யோசியுங்கள்.

பழைய பெயின்ட் பாஸ்:
பெயின்டர் வேலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி 1989இலேயே முதல் வகுப்பில், அதாவது நிச்சயமாகப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில், போட்டுவிட்டது, அதற்கு மேல் டெஸ்ட் எதற்கு? அந்தக் காசுக்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள் தம்பி. துணி தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், தின்னர் ஆவி நேரே உள்ளே போகும். மணம் வந்த பிறகு கார்ட்ரிட்ஜ் மாற்றலாம் என்று இருக்க வேண்டாம், பெயின்ட் இறுகக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மணத்தில் பிடிபடாது, நெஞ்சில் இழுப்பு வந்த பிறகுதான் தெரியும். நாள் கணக்கு வைத்து மாற்றுங்கள். தின்னரில் கை கழுவும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். தாடி இருந்தால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது.

பஞ்சிகாவத்தை மகன்:
மாஸ்க் இந்தச் சம்பளத்தில் வாங்கிவிடுவேன். தாடிதான்... அம்மா 20 வருடமாகச் சொல்லியே எடுக்காதவர்.