விளையொழுங்கு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். பேச்சு இரண்டு திசையில் போகிறது. யாரும் அடுக்காமலே ஒழுங்கு உருவாவதை ஆங்கிலத்தில் செல்ஃப் ஆர்கனைசேஷன் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் என்பது ஒன்று. ஒழுங்கற்ற அசைவிலிருந்து ஒழுங்கு தானாக வருமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கண்டால்தான் முதலாவது தீரும் என்று நினைக்கிறேன்.

> தன்னொழுங்கமைப்பு என்றே வைத்துவிடலாம். ஆங்கிலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. திருந்தினான், திருத்தினான் என்று தன்வினையும் பிறவினையும் படித்திருக்கிறோம். அழிவு வேறு, அழிப்பு வேறு. பிரிவு வேறு, பிரிப்பு வேறு. அழிப்பு என்றதும் அழிக்கிற ஆள் ஒருவர் கண்ணில் வந்துவிடுகிறார். ஒழுங்கமைப்பிலும் அதே கதைதான்: யாரோ உட்கார்ந்து அடுக்குகிறார்கள். முன்னால் ‘தன்’ சேர்த்தால், அந்த ஆளை வெளியேற்றாமல் பொருளுக்குள்ளேயே குடிவைத்ததாக ஆகிறது. இயற்கையில் நடப்பது இது இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தட்டையான பாத்திரத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிலிக்கோன் எண்ணெய், அதில் ஒரு சிட்டிகை அலுமினியத் தூள். அடியில் மெல்லச் சூடேற்றினேன். முதலில் ஒன்றுமில்லை, தூள் சாம்பல் நிறத்தில் பரவிக் கிடந்தது. பிறகு புழு நெளிவதுபோல் கோடுகள். அப்புறம் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டு, உடைந்து, சேர்ந்து, பாத்திரம் முழுக்க அறுகோணக் கட்டங்களாக நின்றுவிட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணெய் நடுவில் மேலேறி, விளிம்புக்குப் பரவி, அங்கே கீழிறங்குகிறது. கண்ணாடிக் குச்சியால் கலக்கிவிட்டேன். எல்லாம் போயிற்று. சற்று நேரத்தில் கட்டங்கள் திரும்ப வந்தன, ஆனால் பழைய இடத்தில் இல்லை. அடுப்பை அணைத்தேன். ஒவ்வொன்றாகக் கலைந்து மறுபடி சாம்பல் நிறம். நான் அசையாமல் நின்றது நினைவிருக்கிறது.

பிரெஞ்சு இயற்பியலர் ஆன்ரி பெனார் 1900இல் விவரித்த சோதனை இது. அடியிலிருந்து மேலே பாயும் வெப்பமும், சூடு மாற மாற மாறும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து இதைச் செய்கின்றன. எண்ணெயின் எந்த மூலக்கூற்றிலும் அறுகோணம் எழுதி வைக்கப்படவில்லை. அதற்கு ‘தான்’ என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

> வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதை அனுமதிக்காதே? ஒழுங்கின்மை கூடத்தானே வேண்டும்?

கூடுகிறது, வெளியே. சுழியம் செல்சியசுக்குச் சற்றுக் கீழே ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்குத் தள்ளிவிடுகிறது. விதி பேசுவது என்ட்ரோபியைப் பற்றி, அதாவது துகள்கள் எத்தனை விதமாக அமைய முடியும் என்பதன் அளவு. பனிக்கட்டிக்குள் குறைந்த என்ட்ரோபியைவிடச் சுற்றியுள்ள காற்றில் கூடிய என்ட்ரோபி அதிகம். கணக்கு நேராகிறது.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கும் வேறொரு சிக்கல், நாம் எல்லோரும் என்ட்ரோபிக்கு ‘ஒழுங்கின்மை’ என்று எழுதிப் பழகியது. ஆல்டர், வெயின்ரைட் என்ற இரண்டு இயற்பியலர்கள் 1957இல் கணினியில் ஒரு கணக்கீடு செய்தார்கள். கெட்டியான கோளங்கள் மட்டும். ஒன்றையொன்று ஈர்க்காது, மோதினால் விலகும், அவ்வளவுதான். நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் அவை படிகம்போல் வரிசைப்பட்டன. பின்னால் வந்த கணக்குகளின்படி, கோளங்கள் இடத்தில் ஏறத்தாழ 49 விழுக்காட்டை நிறைக்கும்போது இது தொடங்குகிறது. ஏன் என்று யோசித்தால் அழகாக இருக்கும். தாறுமாறாகக் கிடக்கும் கோளங்கள் ஒன்றையொன்று மாட்டவைத்துக்கொள்கின்றன. வரிசையில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் அசைய இடம் கொஞ்சம் கூடுகிறது. அதாவது இங்கே வரிசைப்பட்ட நிலைக்குத்தான் என்ட்ரோபி அதிகம்! என்ட்ரோபியை ‘ஒழுங்கின்மை’ என்று மொழிபெயர்த்திருந்தால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. அதை என்ட்ரோபி என்றே விடுவோம்.

தவறான எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சோவியத் வேதியியலர் பெலூசோவ் ஒருவரே போதும். நிறம் மாறி மாறித் திரும்ப வரும் வேதிவினையை 1951 வாக்கில் அவர் எழுதி அனுப்பியபோது, நடக்கவே முடியாது என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். பிற்பாடு சபோத்தின்ஸ்கி அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சமநிலைக்கு வெளியே ஒழுங்கு எப்படி நிற்கிறது என்ற ஆய்வுக்காக 1977இல் பெல்ஜிய வேதியியலர் பிரிகோஜின் நோபல் பரிசு பெற்றார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஒழுங்கமைவு’ என்று ஒருவர் முன்வைத்தார். இலக்கணப்படி சரி, தன்வினை. ஆனால் ‘நூலகத்தின் ஒழுங்கமைவு’ என்றும் எழுதலாம். தானாக வந்தது என்ற பொருள் அதில் நிற்கவில்லை.

என் பரிந்துரை ‘விளையொழுங்கு’. விளைதல் தன்வினை, செய்பவர் தேவையில்லை. வேதியியல் மாணவர்கள் ஏற்கெனவே வினைவிளை பொருள் என்று படிக்கிறார்கள், அதனால் அந்நியமாக இராது. இன்னொன்று, விளைவது எங்கும் விளையாது. நிலமும் நீரும் வேண்டும். மூடிய பெட்டியில் அடைத்து விட்ட நீர்த்த வாயு எத்தனை காலம் கிடந்தாலும் அறுகோணம் தராது. துகள்களுக்கு இடையே ஓர் உறவு வேண்டும். எண்ணெய்க் கட்டங்கள் போன்றவற்றுக்கு ஆற்றல் பாய்ந்துகொண்டும் இருக்க வேண்டும். ‘தானாக’ என்ற சொல் இந்த நிபந்தனையை மறைக்கிறது, ‘விளை’ மறைப்பதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த காரணம், இது வினைத்தொகை. பாய்புலி போல மூன்று காலமும் உள்ளே இருக்கிறது: விளைந்த ஒழுங்கு, விளைகின்ற ஒழுங்கு, விளையும் ஒழுங்கு. பனிப்படிகம் விளைந்து முடிந்தது. எண்ணெய்க் கட்டமோ ஒவ்வொரு நொடியும் விளைந்துகொண்டே இருந்தால்தான் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது.

ஒழுங்கற்ற அசைவைச் சொல்லப் பயன்படும் ரேண்டமுக்கும் ஒரு வார்த்தை. பாடநூலில் ‘சமவாய்ப்பு மாறி’ நிலைத்துவிட்டது, ஆனால் மூலக்கூறுகளின் வேகங்களுக்குச் சமமான வாய்ப்பு இல்லையே. இலங்கையில் வழங்கும் ‘எழுமாற்று’ இங்கே நன்றாக உட்கார்கிறது.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘மூலக்கூறுகளின் எழுமாற்று அசைவுக்கு நடுவே, வெப்பம் பாய்ந்துகொண்டிருக்கும்வரை விளையொழுங்கு நிலைக்கிறது.’ தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறதா என்று சொல்லுங்கள். பகுதிகளில் இல்லாத பண்பு முழுமையில் தோன்றுவதைச் சொல்லும் எமர்ஜன்ஸுக்கு இந்த இழையில் முன்வைத்த ‘மேலெழல்’ பற்றித் தனியாக எழுதுகிறேன். அது வேறு கருத்து, இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

அன்புடன்.