அம்மைக்க இன்சூரன்ஸ் கார்டு: ஆஸ்பத்திரியில கொடுக்க வேண்டியது எந்த நம்பர்? பெயர் மாறியிருந்தா என்ன செய்யணும்?

கேள்வி (மார்த்தாண்டம்)

அம்மைக்கு பித்தப்பையில கல். வர்ற வியாழக்கிழமை நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். தங்கச்சிக்கு டெக்னோபார்க்ல வேலை. கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ்ல அம்மை பேரும் உண்டு. போன்ல வந்த கார்டுல பாலிசி நம்பர், மெம்பர் ஐடி, எம்ப்ளாயி ஐடி, பெயர், பிறந்த தேதி, உறவு, 'வேலிட் அப்டூ' 31 மார்ச், ஒரு டோல்ஃப்ரீ நம்பர், இவ்வளவுதான் இருக்கு. எத்தனை லட்சம்னு எங்கயும் போடல. ஆதார்ல அம்மை பேரு இனிஷியலோட இருக்கு, கார்டுல அந்த இனிஷியலை விரிச்சு அப்பா பேரை முழுசா போட்டிருக்காங்க. பிறந்த தேதியும் 1 ஜனவரின்னு இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்ல கிடக்கு. ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியுமா? ஆஸ்பத்திரியில எந்த நம்பரைச் சொல்லணும்?

பதில் (தக்கலை)

மெம்பர் ஐடி. சில கார்டில் இதையே யுஎச்ஐடி என்று போட்டிருப்பார்கள். பாலிசி நம்பர் கம்பெனி முழுவதுக்கும் ஒன்றுதான். அதை மட்டும் கொடுத்தால் ஆயிரம் பேரில் உங்கள் அம்மா யார் என்று தெரியாது. தங்கச்சிக்கு ஒரு ஐடி, அம்மாவுக்கு வேறு ஐடி. கடைசி எழுத்தோ எண்ணோ மட்டும் மாறியிருக்கும், அதனால் தங்கச்சி கார்டைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. கார்டின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டிபிஏ, அதாவது கிளெய்ம் வேலையைப் பார்க்கும் இடைநிலை நிறுவனம். பணம் கொடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் கீழே சின்னதாக இருக்கும். "இந்தக் கம்பெனி எங்களிடம் இல்லை" என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொன்னால் இரண்டு பெயரையும் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பலமுறை ஒன்றை மட்டும் தேடிவிட்டு இல்லை என்பார்கள். அந்த டோல்ஃப்ரீயில் மெம்பர் ஐடியைச் சொல்லி, ஆஸ்பத்திரி பெயரையும் ஊரையும் சொன்னால் அங்கே கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, உண்டா என்று அவர்களே சொல்வார்கள்.

பதில் (நாகர்கோவில்)

தம்பி, பெயர் விஷயத்தை இன்றைக்கே தொடங்குங்க, வியாழன் வரை வைக்காதீங்க. ஹெச்ஆர் அனுப்புற எக்செல் தாள்ல முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம் இருக்கும். நம்ம ஆளுகளுக்குக் கடைசிப் பெயர் இல்லாததால இனிஷியலை விரிச்சு அங்கே போட்டுருவாங்க. இனிஷியல் விரிஞ்சிருக்கிறதை டெஸ்க்ல பெரும்பாலும் ஏத்துக்கிடுவாங்க. பிறந்த தேதி அப்படியில்ல. பழைய ஆதார்ல வருஷம் மட்டும் இருந்தா படிவத்துல 01/01ன்னு தானா விழும். பிறகு ஆதார்ல முழுத் தேதி திருத்தியிருந்தா ரெண்டும் ஒத்துவராது. வருஷமே வேறயா இருந்தா டிபிஏ கேள்வி கேட்டு நிறுத்தி வைக்கும்.

ஹெச்ஆர்தான் திருத்தம் கேக்கணும், நாம நேரா இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்டா குரூப் பாலிசியில நடக்காது. தங்கச்சி அலுவலக மெயில்ல இருந்து அம்மையோட ஆதார் நகலை வச்சு அனுப்பட்டும். 'எண்டார்ஸ்மென்ட்', அதாவது பாலிசியில திருத்தம் பதியிறது, முடிஞ்சதும் அதே மெம்பர் ஐடியில புதுக் கார்டு இறக்கிக்கலாம். வியாழனுக்குள்ள வரலேன்னா, அனுப்புன மெயிலையும் ஹெச்ஆர் பதிலையும் பிரின்ட் எடுத்து டெஸ்க்ல கொடுங்க. 'உறவு' கட்டத்துல மதர்னுதான் இருக்கா, மாமியார்னு இருக்கான்னும் பாருங்க. அந்தத் தப்பு விழுந்தா அதோட வேலை பெருசு.

பதில் (குழித்துறை)

கார்டுல தொகை போடாததுல ஆச்சரியமில்லை. கார்டு ஆளை அடையாளம் காட்டுறதுக்காக்கும். எவ்வளவு, எந்த அறை, எவ்வளவு நாம கொடுக்கணும்கிறது எல்லாம் பாலிசி விவரத் தாள்ல இருக்கும். ஹெச்ஆர் கிட்ட 'பெனிஃபிட் சம்மரி' கேளுங்க. அதுல மூணு இடத்தைத் தேடுங்க: அறை வாடகை வரம்பு, பெற்றோருக்கான கோ-பே (செலவுல நாம கொடுக்க வேண்டிய பங்கு), பித்தப்பைக்குத் தனி உச்சவரம்பு உண்டா.

அறை வாடகையிலதான் கையைக் கடிக்கும். பாலிசி 3 லட்சம், அறை வரம்பு அதுல 1 சதவீதம்னு வையுங்க, நாளுக்கு 3,000 ரூபா. நீங்க 5,000 ரூபா அறை எடுத்தா கூடுன 2,000 மட்டும் கைக்காசுன்னு நினைக்காதீங்க. 3,000க்கு 5,000ன்னா 60 சதவீதம். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாத்தையும் அதே 60 சதவீதத்துக்குக் குறைப்பாங்க. அந்தச் செலவு 60,000 ஆனா 36,000தான் ஏத்துப்பாங்க, 24,000 உங்க தலையில. மருந்து, டெஸ்ட், உள்ள வைக்கிற சாதனம் இதுக்கெல்லாம் இந்த வெட்டு கூடாது, ஐசியுவுக்கும் கூடாது. அறைக்கு ஏத்த மாதிரி கட்டணம் மாத்தாத ஆஸ்பத்திரின்னா வெட்டே கூடாது, அதைக் கேட்டு வையுங்க. கோ-பே 10 சதவீதம் இருந்தா, ஏத்துக்கிட்ட தொகையில இருந்து அதையும் கழிப்பாங்க. கையுறை, அட்மிஷன் கிட் மாதிரி சாமானுக்கும் பெரும்பாலும் காசு கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

தெளிவா புரிஞ்சுது அண்ணே. ஹெச்ஆருக்கு மெயில் போயாச்சு. 31 மார்ச்சுங்கிறது சரிதானே? முதலமைச்சர் அட்டை பத்தியும் யாராவது சொல்லுங்க.

பதில் (தக்கலை)

தேதியை முழுதாக நம்ப வேண்டாம். தங்கச்சி வேலையை விட்டால் பொதுவாகக் கடைசி வேலைநாளோடு அம்மாவின் கவரும் போய்விடும், கார்டில் 31 மார்ச் அப்படியே இருக்கும். வேலையில் இருக்கிறவரை கவலையில்லை.

பதில் (குளச்சல்)

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேறு கணக்கு. 2012 ஜனவரியில் தொடங்கிய திட்டம். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதில் இருக்கும் நீளமான யுஆர்என் நம்பர் குடும்பத்துக்கானது, ரேஷன் கார்டோடு இணைந்தது. அம்மா பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா, காப்பீட்டு அட்டை செல்லுபடியாகிறதா என்று திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு நம்பர் போட்டுப் பார்க்கலாம். தகராறு இருந்தால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் இதற்கென்றே மையம் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். டோல்ஃப்ரீ 1800 425 3993.

ஒரே பில்லை இரண்டு கார்டில் பிரித்துக் கட்டலாம் என்று திட்டமிடாதீர்கள். அரசு அட்டையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை நிர்ணயித்து வைத்திருப்பார்கள், மேல்தொகை வாங்கக் கூடாது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா, இந்த ஆபரேஷன் பட்டியலில் உண்டா என்று கேட்டு, அட்மிட் ஆகும் முன்பே ஏதாவது ஒன்றைத் தீர்மானியுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலும் இந்த அட்டை எடுபடும். திருவனந்தபுரம் போவதாக இருந்தால் அரசு அட்டை அங்கே செல்லும் என்று எண்ணி வண்டி ஏறாதீர்கள், முதலில் போன் போட்டுக் கேளுங்கள். தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இல்லை.

பதில் (நாகர்கோவில்)

கம்பெனி கார்டுன்னா ரெண்டு மூணு நாள் முந்தியே முன் அனுமதிப் படிவத்தைக் கொடுத்துருங்க. மெம்பர் கார்டு, அம்மை ஆதார், தங்கச்சியோட எம்ப்ளாயி கார்டு நகல், ஸ்கேன் ரிப்போர்ட், முதல்ல பாத்த டாக்டர் சீட்டு வேணும். படிவத்துல 'எத்தனை நாளா வலி'ன்னு ஒரு கட்டம் உண்டு. டாக்டர் எழுதுறதும் பழைய சீட்டுல இருக்கிறதும் ஒத்துப்போகுதான்னு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. மாசம்னு எழுத வேண்டிய இடத்துல வருஷம்னு விழுந்தா அதுக்கு விளக்கம் கேட்டே நேரம் போயிரும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ 2024இல் சொன்ன விதிப்படி கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு 1 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரம். முதல்ல வர்ற தொகை முழு பில்லுக்கானதுன்னு நினைக்காதீங்க, மீதிக்கு டிஸ்சார்ஜ் அன்னைக்குத் திரும்பவும் அனுப்புவாங்க.

கேள்வி கேட்டவர்

ஹெச்ஆர் பதில் வந்துட்டு. குடும்பம் முழுக்க 3 லட்சம், அறை வரம்பு 4,000, அம்மைக்கு 10 சதவீதம் கோ-பே, பித்தப்பைக்குத் தனி வரம்பு இல்ல. ஆதார்ல உள்ள மாதிரியே திருத்தின கார்டு செவ்வாய்க்கிழமை வருமாம். 4,000க்குள்ள உள்ள அறையே கேக்குறோம்.

பதில் (குழித்துறை)

அனுமதிக் கடிதம் வந்ததும் அதுல பெயர், மெம்பர் ஐடி, அறை வகை மூணையும் புதுக் கார்டோட ஒத்துப் பாருங்க. அன்னைக்கு அந்த அறை காலி இல்லேன்னு சொல்லி மேல் அறையில போட்டாங்கன்னா, உடனே டெஸ்க்ல எழுதி வாங்குங்க.