4 ஜிபி கணினிக்கு ரேம் கூட்டலாமா, கோளாறு வேறிடத்தில் இருக்கிறதா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டில் உள்ள மேசைக் கணினி, 2014-ஆம் ஆண்டு மகள் பொறியியல் படிப்பில் சேர்ந்தபோது பாகங்களாக வாங்கி, தெரிந்த பையன் ஒருவனைக் கொண்டு பொருத்தியது. இன்டெல் கோர் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், இப்போது விண்டோஸ் 10. மகள் திருமணமாகிப் போய்விட்டாள். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நானும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லித்தரும் என் மனைவியும்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தால்தான் திரை தயாராகிறது. மின்கட்டணம் கட்டக் குரோமும், கேள்வித்தாள் தட்டச்சு செய்ய வேர்டும் ஒருசேரத் திறந்துவிட்டால் மவுஸ் அம்புக்குறி அசையாமல் நிற்கிறது. முன்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. அருகிலுள்ள கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், "ரேம் பத்தல சார், இன்னொரு 4 ஜிபி போட்டா பறக்கும்" என்று சொல்லி, கூலியோடு 2,100 ரூபாய் கேட்டார். மாப்பிள்ளையோ, பத்து வருடப் பெட்டிக்கு இனி ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார். 2,100 ரூபாய் பெரிய தொகை என்று சொல்லவில்லை. போட்ட பிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் தயக்கம். பணம் கொடுப்பதற்கு முன், ரேம் போதவில்லை என்பதை நானே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

பதில்: பெரம்பூரிலிருந்து

ஐயா, வழி உண்டு, அதற்குக் காசும் தேவையில்லை. கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்காமல் சொன்னது.

தாங்கள் கூறும் அறிகுறி, அதாவது விளக்கு அணையாமல் எரிவதும் அம்புக்குறி நிற்பதும், இரண்டு வேறு நோய்களுக்குப் பொதுவானது. ரேம் என்பது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். அது நிரம்பிவிட்டால் விண்டோஸ் அப்போதைக்குத் தேவையில்லாத பகுதிகளை எடுத்து ஹார்டு டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைல் என்னும் கோப்பில் எழுதி வைக்கும். தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். ரேமோடு ஒப்பிட்டால் சுழலும் டிஸ்க் மிகமிக மெதுவானது என்பதால் இந்தப் போக்குவரத்திலேயே இயந்திரம் திணறிவிடும். இது முதல் நோய். இதற்குத்தான் ரேம் மருந்து. இரண்டாவது நோயில் ரேமில் இடம் இருக்கும். டிஸ்க்தான் பழையதாகியோ பழுதாகியோ கேட்டதைத் தர நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு 16 ஜிபி ரேம் போட்டாலும் குணமாகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

பிரித்தறிய, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். முதல் அளவீட்டைக் கணினி தொடங்கியவுடன், வேறு எதையும் திறக்காமல் எடுங்கள். மெமரி, அதாவது ரேம், பாதிகூட நிரம்பாதிருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் குறை டிஸ்கில் இருக்கிறது. டிஸ்க் பக்கத்தில் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள டிஸ்கில் வழக்கமான வேலையின்போது அது சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் இருக்கும்.

இரண்டாம் அளவீட்டை, தங்களைத் தொல்லைப்படுத்தும் அதே வேலையின் நடுவில் எடுங்கள். குரோமும் வேர்டும் திறந்திருக்கும்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள இணைப்பில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பகுதியில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்ற வரைபடத்தையும் கவனியுங்கள். பெயரைக் கண்டு பழுது என்று எண்ண வேண்டாம். தேவையான பக்கம் ரேமில் இல்லாததால் டிஸ்குக்குப் போய் எடுத்துவர வேண்டியிருந்த தடவைகளின் கணக்கு அது. ஒரு நிரலைத் திறக்கும் நொடியில் ஏறி இறங்குவது இயல்பு. வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை என்று நம்பலாம்.

கடைசியாக, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய், நிறுவப்பட்ட ரேம் எவ்வளவு, அடைப்புக்குறிக்குள் பயன்படத்தக்கது எவ்வளவு என்று போட்டிருக்கிறது, சிஸ்டம் டைப் என்ற வரியில் என்ன இருக்கிறது என்பவற்றை அப்படியே எழுதுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பதைப் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. பொறுமையாக உட்கார்ந்து எடுத்தேன். தொடங்கியவுடன் மெமரி 47 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. குரோமில் நான்கு பக்கங்களும் வேர்டும் திறந்தபோது மெமரி 91 சதவீதம், ஹார்டு ஃபால்ட்ஸ் முந்நூறு, நானூறு என்று நின்றது. ஸ்லாட் இரண்டில் ஒன்று காலியாக உள்ளது. அபவுட் பக்கத்தில், நிறுவப்பட்டது 4 ஜிபி, பயன்படத்தக்கது 3.41 ஜிபி, 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், 64-பிட் பிராசசர் என்று இருக்கிறது.

பதில்: பெரம்பூரிலிருந்து

நான் சந்தேகித்தது அந்தக் கடைசி வரியைத்தான். 32-பிட் விண்டோஸ் 10-க்கு 4 ஜிபிதான் எல்லை. அதிலும் ஒரு பகுதி முகவரிகள் கிராஃபிக்ஸ் முதலிய வன்பொருளுக்குப் போய்விடுவதால் தங்களுக்கு 3.41 ஜிபிதான் மிஞ்சுகிறது. காலியான ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபியைப் பொருத்தியிருந்தால், நிறுவப்பட்டது 8 ஜிபி என்று அழகாகக் காட்டும். பயன்படத்தக்கது கிட்டத்தட்ட இதே அளவில் நிற்கும். 2,100 ரூபாய் கொடுத்து எண்ணை மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

அளவீடுகளைப் பார்த்தால் தங்கள் கணினிக்கு இரண்டு நோயும் இருக்கின்றன. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது டிஸ்க். பாதி ரேம் காலியாக இருக்கும்போதே 900 மில்லிசெகண்ட் என்றால் அது வெறும் முதுமை மட்டும்தானா என்பது ஐயம். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை இறக்கிப் பாருங்கள். நீல நிறத்தில் குட் என்று வந்தால் சரி. மஞ்சள் நிறத்தில் காஷன் என்று வந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் அம்மாவின் கேள்வித்தாள்களையும் படங்களையும் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதில் 64-பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மேம்படுத்தும் வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஆனால் பதிப்பு அதேதான் என்றால் பழைய உரிமமே செல்லும். ரேமை அதற்கு அடுத்த வாரத்திற்குத் தள்ளிவையுங்கள். 64-பிட் சற்றுக் கூடுதலாக ரேம் கேட்கும் என்பதால் கடைசியில் வாங்க வேண்டி வரலாம். ஆனால் அதையும் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பதில்: காசிமேட்டிலிருந்து

நான் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுது பார்ப்பவன். பெரம்பூர் நண்பர் சொன்னது சரி. கை வேலையாக நான் ஒன்றைச் சேர்க்கிறேன். கடலை ஒட்டிய நம் பகுதியில், சன்னலோரம் வைத்த பெட்டியைத் திறந்தால் உப்பு ஈரம் கலந்த தூசு மாவு போலப் படிந்திருக்கும். பிராசசர் மேல் தடவிய வெப்பப் பசை பத்து ஆண்டில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மக்கள் ரேம் குறை என்றே நினைக்கிறார்கள். எஸ்எஸ்டி பொருத்தத் திறக்கும்போதே விசிறியைச் சுத்தம் செய்து, புதிய பசை தடவச் சொல்லுங்கள். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்துவதும் நல்லது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஹெச்81 வகை மதர்போர்டாக இருந்தால், டிஸ்கை மாட்டும் சாட்டா இணைப்புகளில் இரண்டு 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை, மற்றவை 3 ஜிகாபிட். எஸ்எஸ்டியை 6 ஜிகாபிட் இணைப்பில் மாட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரேம் வாங்குவதானால், தங்களுடையது டிடிஆர்3 என்னும் தலைமுறை. டிடிஆர்4 அதில் நுழையவே நுழையாது. வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமே வேறு. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கிடைத்தாலும் வாங்கலாம். விலை மலிவாக வரும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி மதர்போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். இன்டெல் என்று சொல்லி, வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். ஞாயிறன்று போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

பதில்: கொளத்தூரிலிருந்து

எனக்கு இதில் ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. அப்படியிருக்க, மின்கட்டணமும் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் எஸ்எஸ்டி, ரேம் என்று அடுக்கிக்கொண்டே போவது சரியா? மாப்பிள்ளை சொல்வதையும் முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது.

பதில்: பெரம்பூரிலிருந்து

தள்ளவில்லை. ஆனால் எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சாட்டா எஸ்எஸ்டியை நாளை புதிய மேசைக் கணினி வாங்கினால் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ரேமுக்கு இந்தப் பெட்டியை விட்டால் போக்கிடம் இல்லை. இன்றைய கணினிகள் டிடிஆர்5-க்குச் சென்றுவிட்டன. ஆகவே, இன்னும் ஓராண்டில் மாற்றும் எண்ணம் இருந்தாலும் எஸ்எஸ்டிக்குக் கொடுத்த பணம் வீணாகாது. ரேமுக்குக் கொடுத்தது பெட்டியோடு போகும். ரேமைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளி வாங்குவதால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து மெமரி சில்லுகளின் விலையும் ஏறிக்கிடக்கிறது. புதிய கணினி வாங்குபவர்களும் அந்தச் சுமையிலிருந்து தப்பவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றுக்கு மாறலாம். அதற்கு 4 ஜிபியே போதுமானது, தமிழ்99 தட்டச்சும் குரோமும் அதில் உண்டு. வேர்டு மட்டும் கிடையாது. லிப்ரே ஆபீஸ் பழக அம்மா இசைவார்களா என்பதை வீட்டில்தான் கேட்க வேண்டும்.

கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மஞ்சள்தான் வந்தது. அன்றிரவே மனைவியின் கோப்புகளை நகலெடுத்தேன்; விடியற்காலை வரை ஓடியது. ரிச்சி தெருவில் 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவரைக் கொண்டு 64-பிட் நிறுவினோம். உள்ளே இருந்த தூசியைக் கண்டு என் மனைவி முகம் சுளித்ததைச் சொல்லாமலிருப்பதே நல்லது. நான்கரை நிமிடம் எடுத்தது இப்போது முப்பது விநாடிக்குள் தொடங்குகிறது. பால் வாங்கப் போகும் வேளையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ரேமை அன்று வாங்கவில்லை. குரோமும் வேர்டும் திறந்தால் மெமரி 85 சதவீதம் காட்டுகிறது, ஆனால் எதுவும் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி கூகுள் மீட்டில் வகுப்பு எடுத்தபோதுதான் 96 சதவீதத்துக்கு ஏறி, பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரத்துக்காக வாங்க வேண்டுமா என்று நான் கேட்க, தேர்வு நெருங்கினால் தினமும் வகுப்பு இருக்கும் என்று பதில் வந்தது. ஆகவே இரண்டாம் கையாக ஒரு 4 ஜிபி டிடிஆர்3, மாற்றித் தருவதாக எழுதிய பில்லோடு வாங்கினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டதில் பிழை எதுவும் வரவில்லை. சென்ற ஞாயிறு வகுப்பில் 58 சதவீதம், பேச்சு தடைப்படவில்லை.

ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. நகலெடுத்த படங்களில் மகளின் கல்லூரி முதல் ஆண்டுப் படங்கள் பதினொன்று திறக்கவில்லை. பழைய டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவற்றை மீட்க முடியுமா, அதுவரை அந்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லதா என்று காசிமேட்டு நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: காசிமேட்டிலிருந்து

கொடுக்காதீர்கள் ஐயா. பழுதான பகுதியை மறுபடி மறுபடி படிக்க முயன்றால் பக்கத்துப் பகுதிகளும் கெட்டுப்போகலாம். டிஸ்கைக் கொண்டுவாருங்கள், முதலில் பழுதான டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு முழு டிஸ்கையும் வேறொன்றில் நகலெடுத்துவிட்டு, அந்த நகலில்தான் படங்களைத் தேட வேண்டும். பதினொன்றும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.