சுகர் புண்ணுக்கு புழு வைத்தியம்: சரியா தப்பா?

நெல்லை செந்தில்: அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ 2004லயே அனுமதி குடுத்த வைத்தியம்ங்க இது. லேப்ல வளர்த்த புழுவ ஆறாத புண்ணுல விட்டு ரெண்டு மூணு நாள் கட்டி வச்சிடுவாங்க, அது செத்த சதைய மட்டும் கரைச்சு உறிஞ்சிடும். விரல எடு, பாதத்த எடுன்னு போறதுக்கு முன்னாடி நம்மூர்ல ஏன் இத யாருமே பேச மாட்டேங்கறாங்க?

கலா சிஸ்டர்: தம்பி, நான் டிரெஸ்ஸிங் பண்றவ. ஈ மொய்ச்சு தானா புழு வச்ச புண்ணோட வர்றவங்களுக்கு டர்பன்டைன் ஊத்தி ஒவ்வொண்ணா புடுங்கி எடுக்குறோம், நல்ல சதையவே குடைஞ்சிருக்கும். இதப் படிச்சுட்டு யாராவது வீட்டுல புண்ண தொறந்து போட்டு ஈய உக்கார விட்டா யாரு பொறுப்பு?

செந்தில்: அக்கா, உசுரோட இருக்குற சதைய திங்கிறது கிரைசோமியா பெசியானாங்கிற வேற ஈயோட புழு. வைத்தியத்துக்கு லூசிலியா செரிகேட்டா, பச்சையா மின்னுமே அந்த ஈ. முதல் உலகப்போர்ல காயத்தோட நாள்கணக்கா கிடந்த சிப்பாய்ங்களுக்கு புழு நெளிஞ்சும் காய்ச்சலே இல்ல, அடியில சதை ரோஸ் கலர்ல வளந்திருந்துச்சு. அத பாத்த வில்லியம் பேயர்ங்கிற எலும்பு டாக்டர் பின்னாடி ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல எலும்புல சீழ் வச்ச குழந்தைங்களுக்கு இதையே செஞ்சாரு. பெனிசிலின் வந்ததும் எல்லாரும் மறந்துட்டாங்க.

கலா சிஸ்டர்: அதே பேயரோட நோயாளிங்களுக்கு டெட்டனஸ் வந்ததையும் சொல்லுங்க!

செந்தில்: வந்துச்சு, அதுக்கப்புறம்தான் முட்டையவே ஸ்டெரிலைஸ் பண்ண ஆரம்பிச்சாங்க. வீட்டு ஈய விடுங்கன்னு நான் எங்கயும் சொல்லலயே.

கோவை பிரபு: ரெண்டு பேரும் முக்கியமானத விட்டுட்டீங்க. பிரிட்டன்ல 267 பேருக்கு பண்ண ஆய்வு 2009ல வந்துச்சு, சிரையில ரத்தம் தேங்கி வர்ற கால் புண்ணு. புழு வச்சா புண்ணு சீக்கிரம் சுத்தமாச்சு, ஆனா சீக்கிரம் ஆறல, வலியும் ஜாஸ்தி. அப்ப இது ஆத்துற வைத்தியம் இல்ல, சுத்தம் பண்ற வைத்தியம்.

செந்தில்: அது சுகர் புண்ணு இல்லயே பிரபு. சுகர்ல நரம்பு மரத்துப் போனவங்களுக்கு அந்த வலியும் பெருசா தெரியாது. சுத்தமானாலே போதும்னு தவிக்கிறவங்க எத்தன பேரு, மயக்க மருந்து தாங்காத வயசானவங்கள எந்த சர்ஜன் தியேட்டருக்கு தூக்கிட்டுப் போவாரு?

கலா சிஸ்டர்: ரத்த ஓட்டமே இல்லாத காலுக்கு புழு என்ன பண்ணும்? முதல்ல டாப்ளர், அதான் ரத்த ஓட்டத்த பாக்குற ஸ்கேன், பாக்கணும், அடைப்பு இருந்தா அத எடுக்கணும். காஞ்சு கறுத்துப்போன விரல்ல புழு வச்சு பிரயோஜனம் இல்ல, ரத்தம் உறையாம இருக்க மாத்திர போடுறவங்களுக்கும் பயந்துதான் வைக்கணும்.

செந்தில்: டாப்ளர் பாத்து ஓட்டம் நல்லா இருக்குன்னு வந்துட்டா? அப்ப வைக்கலாமா கூடாதா, அத சொல்லுங்க.

கலா சிஸ்டர்: ஆஸ்பத்திரியில, டாக்டர் கண்ணு முன்னாடின்னா வைக்கலாம். வீட்டுலன்னா நான் கடைசிவரைக்கும் எதிர்ப்பேன்.