பழைய ஆம்ப்ளிஃபயர்: வலது பக்கச் சத்தம் திடீர் திடீரென்று போகிறது

கேட்டவர்:
25 வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். கொஞ்ச நாளாக வலது ஸ்பீக்கரில் சத்தம் மங்கி, கரகரத்து, அப்படியே நின்றுவிடுகிறது. இடது பக்கம் ஒரு குறையும் இல்லை. வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் 'டப்' என்று வலது பக்கத்துக்கு உயிர் வருகிறது. இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் தொல்லை அதிகம். வயர்களை எல்லாம் பிடுங்கிச் செருகியாயிற்று. வேறு என்ன பார்க்கலாம்?

பதில் 1:
ஸ்பீக்கரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கும். புது ஜோடி வாங்கிவிடுங்கள்.

பதில் 2:
வாங்குவது இருக்கட்டும், முதலில் செலவில்லாத சோதனை. ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்பக்கம் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றி மாட்டுங்கள். ஊமை இடது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கர்மேல் தப்பில்லை. அப்புறம் பிளேயரிலிருந்து ஆம்ப்புக்கு வரும் ஆர்சிஏ வயரின் சிவப்பு, வெள்ளை முனைகளை ஆம்ப் பக்கம் மட்டும் மாற்றுங்கள். கோளாறு பக்கம் மாறினால் வயர் அல்லது பிளேயர். மாறாவிட்டால் ஆம்ப்புக்குள்தான்.

இன்னொன்று. அடுத்த முறை சத்தம் போனால் வால்யூம் குமிழைத் தொடாமல், பாட்டு ஓடும் போனில் சத்தத்தை ஏற்றுங்கள். அப்போதும் திரும்பி வந்தால் குமிழை விட்டுவிடலாம். ஹெட்ஃபோனிலும் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
ஸ்பீக்கரை மாற்றினேன், ஊமை இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. ஆர்சிஏ மாற்றியதில் ஒன்றும் மாறவில்லை. போனில் ஏற்றினாலும் சத்தம் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும்போதே ஹெட்ஃபோனில் வலது பக்கம் தெளிவாகக் கேட்கிறது! ஸ்பீக்கரை ஆம்ப்பின் பின்பக்கம் இருக்கும் இரண்டாவது ஜோடியான 'பி' முனைகளுக்கு மாற்றினாலும் அதே கதைதான்.

பதில் 2:
ஹெட்ஃபோன் வரை சிக்னல் நன்றாக வருகிறது, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான் தடை. அப்படியானால் ரிலேதான் (ஸ்பீக்கர் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் மின் சுவிட்ச்) என்று நினைக்கிறேன். ஆன் செய்து சில நொடி கழித்து 'க்ளிக்' என்று கேட்குமே, அதுதான். ஆன் செய்யும்போது வரும் 'தடால்' சத்தமும், கோளாறு வந்தால் டிசி மின்சாரமும் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. வருடக் கணக்கில் அதன் தொடுமுனைகள் கறுத்துவிடும். மெல்லிய சிக்னல் அந்தப் படலத்தைத் தாண்டாது, பலமாக வந்தால் துளைத்துக்கொண்டு போகும். உங்கள் இரவுத் தொல்லைக்குக் காரணம் அதுவே.

பதில் 3:
உள்ளே கை வைக்குமுன் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, இறங்கியதை உறுதி செய்த பிறகே தொடுங்கள். பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பது உத்தமம்.

ரிலே முனைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தை இடையில் விட்டு இழுத்தால் கொஞ்ச காலம் ஓடும். நான் செய்தபோது ஆறே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. புதிதாக மாற்றினால் காயில் வோல்ட்டேஜ், தாங்கும் ஆம்பியர், கால்களின் (பின்) அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும்.

கேட்டவர்:
தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து ரிலேயை மாற்றியாயிற்று. பழையதன் மூடியைக் கழற்றிக் காட்டினார்: இடது முனை லேசாக மங்கியிருந்தது, வலது முனை அடுப்புக்கரி மாதிரி. ஸ்பீக்கரை மாட்டுமுன் முனைகளில் டிசி அளந்தார். இரண்டு பக்கமும் 20 மில்லிவோல்ட்டுக்குள், பயமில்லை என்றார்.

மூன்று வாரமாக இரவில் மெதுவாகத்தான் கேட்கிறேன், ஒரு தடவைகூடப் போகவில்லை. வால்யூம் குமிழைத் திருப்பினால் மட்டும் இப்போது லேசாகக் கரகரப்பு. முன்பும் இருந்திருக்கும், அந்தக் களேபரத்தில் காதில் விழவில்லை போல.

பதில் 2:
அதற்குக் காண்டாக்ட் கிளீனர் போதும். அணைத்துவிட்டு, குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலின் உள்ளே இரண்டு சொட்டு விட்டு, முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள்.