யாக்கின் மூளையடித் தமனி வலை: உயரத்துக்கான தகவமைப்பா, மரபுவழி வந்ததா?

மலைமுகடு:
திபெத்திய மேட்டுநிலத்தில் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரம் வரை மேயும், மாட்டினத்தைச் சேர்ந்த யாக்கின் மூளைக்கு, மனிதரில் போல உட்கரோட்டிட் தமனி (கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் தமனி) வழியாக நேரே இரத்தம் ஏறுவதில்லை. மேல்தாடைத் தமனியின் கிளைகள் மண்டையோட்டுக்குள் நுழைந்து, ரெட்டே மிராபிலே எனப்படும் நுண்தமனி வலையாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றுகூடிய பிறகே மூளையை அடைகின்றன. ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகிவிடும் உயரத்தில், இத்தகைய அமைப்புக்கு உயரத்தோடு தொடர்பே இல்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

சமவெளியான்:
இதே வலை செம்மறியாட்டிலும் வெள்ளாட்டிலும் பன்றியிலும் சமவெளி மாட்டிலும் இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழும் உறவினங்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பை மலைக்கான ஏற்பாடு என்று வகைப்படுத்துவது எப்படி? அதே மேட்டுநிலத்தில் தலைமுறைகளாக வாழும் குதிரைகளுக்கோ இந்த வலையே கிடையாது. அவற்றின் உட்கரோட்டிட் தமனி நேராகவே மூளைக்குச் செல்கிறது. யாக்கின் தனித்தன்மையை நுரையீரலில் தேடுங்கள். சமவெளி மாடுகளை உயரத்துக்குக் கொண்டு சென்றால் நுரையீரல் தமனிகள் சுருங்கி, அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து போகக்கூடும். 1915-இல் கொலராடோவில் விவரிக்கப்பட்ட பிரிஸ்கெட் நோய் இதுவே. யாக்கின் நுரையீரல் தமனிகள் மெல்லிய சுவர் கொண்டவை. ஆக்சிஜன் குறையும்போது அவை சிறிதளவே சுருங்குகின்றன.

மலைமுகடு:
மரபாக வந்த உறுப்பு புதிய பயனுக்கு உதவக்கூடாதா, நண்பரே? அந்த வலை, மூளையின் அடியில் சிரை இரத்தம் சேரும் குகைச் சிரைக்குழிக்குள், மூக்கில் குளிர்ந்து திரும்பும் சிரை இரத்தத்தில் தோய்ந்து கிடக்கிறது; அதனால் வலை வழியே மூளைக்குச் செல்லும் இரத்தமும் குளிரும். மலையில் மூச்சு வேகமெடுக்கும்போது மூக்கின் ஈரம் மிகுதியாக ஆவியாகும். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவையும் குறையும்.

சமவெளியான்:
வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் மூக்கிலிருந்து வரும் இரத்தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு என்பதை அது மறந்துவிடுகிறது. கண்ணோரச் சிரை வழியாகச் சென்றால் மூளை குளிரும். முகச் சிரை வழியாகச் சென்றால் மூளையைத் தொடாமலே கழுத்துக்கு இறங்கிவிடும். நெருக்கடியில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் கிளர்ந்தெழும்போது முதல் வழி சுருங்குகிறது. ஆக்சிஜன் குறைவே அந்த நரம்புகளைக் கிளர்த்துவதால், நீங்கள் நம்பியிருக்கும் குளிர்விப்பு மிகவும் தேவைப்படும் வேளையில் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது. கடுங்குளிரில் வாழும் விலங்குக்கு அது தேவையா என்பதே ஐயம்.

கூறாய்வாளர்:
இருவரும் கால்நடைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். மாட்டில் முதுகெலும்புத் தமனியோடு இணையும் பின்வலை ஒன்றும் உண்டு; ஆடுகளில் அது இல்லை. எனவே யாக்கை ஒப்பிட வேண்டியது ஆட்டோடு அன்று, ஏறத்தாழ அதே எடையுள்ள, முழுவளர்ச்சி அடைந்த சமவெளி மாட்டோடுதான். வலையை அளக்க, தமனிக்குள் நெகிழியைச் செலுத்தி எடுக்கும் அச்சில் குழாயின் விட்டம், செலுத்திய அழுத்தத்தைப் பொறுத்து மாறும். அந்த அழுத்தத்தைக் குறிப்பிடாத அளவீட்டை நான் பொருட்படுத்த மாட்டேன். வலையின் சுவர்த்தடிமனும் கிளைகளின் அடர்த்தியும் அத்தகைய ஒப்பீட்டில் யாக்கில் வேறுபட்டிருந்தால் மட்டுமே மலைமுகடு அவர்களின் கேள்விக்கு இடமுண்டு. அப்போதும், தாழ்நிலத்திலேயே பிறந்து வளர்ந்த யாக்குகளையும் சேர்த்துப் பார்க்காமல், அந்த வேறுபாடு பரம்பரையில் வந்ததா, உயரத்தில் வளர்ந்ததால் உண்டானதா என்று பிரித்தறிய முடியாது.